எட்டில் ஒரு வரிசைதான் எரிகிறது: எல்இடி மேட்ரிக்ஸும் டிரைவர் சிப்பும்

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நானும் அக்கா மகனும் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பையன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். பஸ் வந்தது, நெற்றியில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை. அதை செல்போனில் படம் பிடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"மாமா, நேர்ல பாத்தா முழுசா தெரியுது. போட்டோவுல பாதி எழுத்தைக் காணோம், கோடு கோடா இருக்கு. போர்டு ரிப்பேரா, என் போன் ரிப்பேரா?"

ரெண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றேன். போன் பார்த்ததுதான் நிஜம், நாம்தான் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றதும், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து கிருமாம்பாக்கம் வரை விடவில்லை. அவனுடைய கடைசி வருஷ புராஜெக்டே எல்இடி மேட்ரிக்ஸ் பலகைதான். ஆனால் வயரைச் செருகி, இணையத்தில் கிடைத்த புரோகிராமை ஏற்றியதோடு சரி. உள்ளே நடப்பது என்ன என்று தெரியவில்லை. அவனை மட்டும் குறை சொல்வானேன். ரிப்பேருக்கென்று என் மேஜைக்குப் பலகை கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் இதைப் பற்றிப் பேசுவது பாதிக்குப் பாதி தப்பு. "சிப்புக்குள்ளதான் சார் எழுத்தெல்லாம் இருக்கு" என்பார்கள். இல்லை. "எல்லா லைட்டும் ஒரே நேரத்துல எரியுது" என்பார்கள். அதுவும் இல்லை. அன்று பஸ்ஸில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

டிரைவர் என்றால் எந்த டிரைவர்?

குழப்பம் இந்தச் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டர் கடையில் "பிரிண்டர் டிரைவர் போடணும்" என்றால் அது ஒரு மென்பொருள். எலெக்ட்ரிக் கடையில் "பல்புல டிரைவர் போச்சு" என்றால், கரண்டை எல்இடிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் சின்ன அட்டை. நாம் பேசப்போவது மூன்றாவது டிரைவரை: மைக்ரோகண்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு, தன் சொந்த பலத்தில் எல்இடிகளை எரித்து அணைக்கும் சிப். உதாரணத்துக்கு மேக்ஸ்7219 என்ற சிப்பை எடுத்துக்கொள்கிறேன். கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் சிவப்பு மேட்ரிக்ஸ் மாட்யூல்களில் (மேட்ரிக்ஸும் டிரைவர் சிப்பும் சேர்ந்த சின்ன அட்டைகள்) அதிகம் தென்படுவது அதுதான்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது, நாம் எழுதிய ஒரே ஒரு புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர். கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற அட்டையில் உட்கார்ந்திருக்கும் பெரிய கறுப்புச் சிப் அதுதான்.

அறுபத்து நாலு விளக்குக்கு எத்தனை கம்பி?

எல்இடிக்கு ரெண்டு கால், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். கரண்ட் ஒரு பக்கமாகத்தான் பாயும். மாற்றிக் கொடுத்தால் எரியாது. பாயும் கரண்டுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். அடிப்படை இவ்வளவுதான்.

எட்டுக்கு எட்டு மேட்ரிக்ஸில் 64 எல்இடி, 128 கால். அத்தனைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் பலகைக்குப் பின்னால் புற்று கட்டிவிடும். ஆனால் கடையில் வாங்கும் மேட்ரிக்ஸைத் திருப்பிப் பார்த்தால் 16 கால்தான் இருக்கும். மீதி எங்கே போயிற்று?

குறிஞ்சிப்பாடிப் பக்கம் தறியில் கைலி நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நெடுக்கே பாவு நூல், குறுக்கே ஊடு நூல். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எல்இடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பாவு, எட்டு ஊடு, வெட்டுமிடங்கள் 64. ஒரே ஊடு நூலில் உள்ள எட்டு எல்இடிகளின் மைனஸ் கால்களும் அந்த நூலோடு இணைந்திருக்கும். ஒரே பாவு நூலில் உள்ள எட்டின் பிளஸ் கால்களும் அந்தப் பாவோடு இணைந்திருக்கும். இந்தப் பின்னலுக்குப் பெயர்தான் மேட்ரிக்ஸ். படுத்திருப்பதை வரிசை என்றும், நிற்பதை நெடுவரிசை என்றும் இனிச் சொல்வேன்.

மூன்றாம் வரிசையை மைனஸோடு இணைத்து, ஐந்தாம் நெடுவரிசைக்கு பிளஸ் கொடுத்தால், அவை சந்திக்கும் இடத்தில் உள்ள ஒரே ஒரு எல்இடி எரியும். மற்ற 63-க்கும் ஒரு கால் கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது.

ரெண்டு பேரைக் கூப்பிட்டால் நாலு பேர் எழுகிறார்கள்

இது நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

வகுப்பில் எட்டு பெஞ்ச், பெஞ்சுக்கு எட்டுப் பேர். வாத்தியாருக்கு யாருடைய பெயரும் தெரியாது. பெஞ்ச் எண்ணும், ஜன்னலிலிருந்து எத்தனையாவது ஆள் என்பதும் மட்டும் சொல்லலாம். மூன்றாம் பெஞ்சில் ரெண்டாவது பையனும், ஐந்தாம் பெஞ்சில் ஆறாவது பையனும் அவருக்கு வேண்டும். ஒரே மூச்சில், "மூணாவது, அஞ்சாவது பெஞ்ச்ல, ரெண்டாவது, ஆறாவது ஆள் எழுந்திரு" என்கிறார். நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மூன்றாம் பெஞ்சின் ஆறாவது பையனும் ஐந்தாம் பெஞ்சின் ரெண்டாவது பையனும் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை, கூப்பிட்ட விதம் அப்படி.

மேட்ரிக்ஸிலும் இதேதான். ரெண்டு வரிசையை ஒரே நேரத்தில் திறந்தால், ரெண்டிலும் ஒரே மாதிரி விளக்குகள்தான் எரியும். ஒரு வரிசைக்கு ஒரு வடிவம், அடுத்த வரிசைக்கு வேறொரு வடிவம் என்று காட்டவே முடியாது. அப்புறம் எழுத்தை எப்படிக் காட்டுவது?

வாத்தியார் என்ன செய்வார்? பெஞ்ச் பெஞ்சாகக் கூப்பிடுவார். "முதல் பெஞ்ச்: இன்னார் இன்னார் எழுந்திரு. சரி, உக்காரு. ரெண்டாம் பெஞ்ச்…" ஒரு நேரத்தில் ஒரு பெஞ்ச் என்றால் குழப்பமே வராது. பலகையும் அப்படித்தான். முதல் வரிசையை மட்டும் திறந்து, அதில் எரிய வேண்டியவற்றை எரிக்கும். அதை மூடிவிட்டு ரெண்டாம் வரிசை. எட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்த முறைக்கு மல்டிபிளெக்சிங் என்று பெயர்.

ஆக, எந்த நொடித்துளியில் பார்த்தாலும் எட்டு வரிசையில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருக்கும். மீதி ஏழும் இருட்டு. முழு எழுத்தும் ஒரே சமயத்தில் எரியும் நேரம் என்று ஒன்று கிடையாது.

மாவளி சுற்றியவர்களுக்கு இது தெரியும்

கார்த்திகை தீபத்தன்று எங்கள் பக்கம் மாவளி சுற்றுவோம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்து, கயிற்றில் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி பறக்கும். வேகம் ஏற ஏற நெருப்பு ஒரு முழு வட்டமாகிவிடும். நெருப்பு இருப்பது கயிற்றின் ஒரு முனையில்தான். கொள்ளிவட்டம் என்று அதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது. வேகம் குறைந்தால் வட்டம் அறுந்து, ஒரு கங்கு மட்டும் போய் வருவது தெரியும்.

கண்ணில் பட்ட ஒளி உடனே அழிவதில்லை, கொஞ்ச நேரம் தங்குகிறது. முதல் வரிசையின் சுவடு மறைவதற்குள் எட்டாம் வரிசையையும் முடித்து மறுபடி முதலுக்கு வந்துவிட்டால், எட்டும் சேர்ந்து எரிவதாகவே நாம் நம்புவோம். மேக்ஸ்7219 இப்படி நொடிக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு எட்டு வரிசை என்றால், நொடிக்கு 6,400 தடவை வரிசை மாறுகிறது. ஒரு வரிசைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 156 மைக்ரோ நொடி. மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வெயிலில் செல்போன் கேமரா ஒரு சுற்று முடிவதற்குள் சட்டென்று கண்ணை மூடிக்கொள்ளும். அந்தக் கணத்தில் எந்த வரிசைகள் எரிந்தனவோ அவை மட்டும்தான் படத்தில் விழும். அக்கா மகன் பார்த்த கோடுகள் அவைதான்.

இதற்கு ஏன் தனியாக ஒரு சிப்?

"நொடிக்கு எண்ணூறு தடவைதானே, ஆர்டுயினோவே சுத்திடுமே மாமா" என்றான். நியாயமான கேள்வி. சுற்றும். ஆனால் மூன்று தொல்லைகள் வரும்.

கால் போதாது என்பது முதலாவது. ஊனோவில் மொத்தம் 20 கால்கள். 16-ஐ மேட்ரிக்ஸ் தின்றுவிடும். அடுத்து ஒரு பட்டன், ஒரு வெப்பமானி வைக்கலாம் என்றால் இடமிருக்காது.

ரெண்டாவது பலம். ஊனோவின் ஒரு கால் தாங்கும் உச்சவரம்பு 40 மில்லியாம்பியர். அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு வரிசையில் எட்டும் எரிந்தால், ஆளுக்கு 10 மில்லியாம்பியர் என்று கஞ்சத்தனமாகக் கொடுத்தாலும், எட்டின் கரண்டும் அந்த வரிசைக்குரிய ஒரே கால் வழியாகத்தான் இறங்க வேண்டும்: 80 மில்லியாம்பியர். ஒரு ஆள் போகும் சந்தில் ஊர்வலம் விடுவது போல.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமானதாகச் சொல்வேன். வரிசை மாற்றும் வேலைக்கு ஓய்வே இல்லை. புரோகிராம் வேறெதையாவது கவனிக்கப் போய், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்தாலே பலகை சிமிட்டும். ஒரே இடத்தில் நின்றுபோய்விட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு எல்இடிக்கும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கிடைப்பதால், அந்தக் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று எரிய அதிகக் கரண்ட் கொடுப்பது வழக்கம். 40 மில்லியாம்பியர் கொடுத்தாலும் சராசரி 5 தான் வரும், எல்இடி தாங்கும். சுற்று நின்று ஒரே வரிசை மாட்டிக்கொண்டால், அந்த 40-ம் ஓயாமல் அதிலேயே பாயும். தாங்காது.

மேக்ஸ்7219 இந்த மூன்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. அதற்கு 24 கால்கள். அவற்றில் 16 மேட்ரிக்ஸோடு சேரும். நெடுவரிசைகளுக்குக் கரண்டைத் தள்ளுவதும், வரிசைகளிலிருந்து கரண்டை இழுத்துக்கொள்வதும் அதன் வேலை. சுற்றுவதற்கு உள்ளேயே சொந்தத் துடிப்பு இருக்கிறது. 64 எல்இடிக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்தடையை வெளியே வைத்தால் போதும், எல்லாவற்றின் கரண்ட் அளவையும் அது தீர்மானிக்கும்.

மைக்ரோகண்ட்ரோலருக்கு மிஞ்சுவது, "படம் இது" என்று ஒரு தடவை சொல்லிவிடுவது மட்டும். அதன்பின் அது தூங்கினாலும், அதன் மூன்று கம்பிகளைக் கழற்றிவிட்டாலும், சிப்புக்குக் கரண்ட் இருக்கும்வரை படம் நிற்கும்.

இந்த இடத்தில் பஸ் பலகைக்கும் கடைவாசல் பலகைக்கும் ஒரு வார்த்தை. கடைகளில் தொங்கும் பி10 என்ற ரகம் வேறு. 32-க்கு 16 புள்ளி கொண்ட அந்தப் பலகையில் தானாகச் சுற்றும் சிப் கிடையாது. கண்ட்ரோலர் அட்டைதான் ஓயாமல் சுற்ற வேண்டும். ஒற்றை வண்ண பி10-ல் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நாலு வரிசைகள் எரியும்: ஒன்று, ஐந்து, ஒன்பது, பதிமூன்று என்று நாலுக்கு ஒன்று. அதனால் ரிப்பேர் பார்ப்பவனுக்கு ஒரு வசதி. பி10-ல் நாலுக்கு ஒரு வரிசை மட்டும் கண்ணைக் கூசும்படி எரிந்து மற்றவை இருட்டாக இருந்தால், கண்ட்ரோலர் செத்திருக்கலாம் என்று பலகையைத் தொடாமலே சந்தேகிக்கலாம். மேக்ஸ்7219 பலகையில் கண்ட்ரோலர் செத்தால் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும்.

மூன்று கம்பி, ஒரு கோலிக்குழாய்

64 விளக்கின் நிலையை மூன்றே கம்பியில் எப்படி அனுப்புவது? சரியாக 16 கோலி மட்டும் பிடிக்கும் ஒரு பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியில் ரெண்டே நிறம். வெள்ளை என்றால் 1, கறுப்பு என்றால் 0. முதல் கம்பி எந்தக் கோலி என்று காட்டும். இதுதான் தகவல் கம்பி. ரெண்டாவது கம்பி ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் ஒரு கோலி உள்ளே தள்ளப்படும், இது கிளாக். 16 கோலி போனதும் மூன்றாவது கம்பி நிமிரும்: "சரி, இப்ப எடுத்துக்கோ." இது லோடு. அதுவரை உள்ளே எந்தக் கோலி எங்கே நகர்ந்தாலும் சிப் அசையாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி நிரப்பும் குழாய்க்குப் பெயர் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்.

16 கோலியில் முதல் நாலை சிப் கண்டுகொள்வதில்லை. அடுத்த நாலு முகவரி, எந்த அறைக்கு என்பது. கடைசி எட்டு அந்த அறையில் வைக்க வேண்டிய சரக்கு. சிப்புக்குள் இருக்கும் இந்த அறைகளை ரெஜிஸ்டர் என்பார்கள். (தமிழில் எழுதும்போது ரெஜிஸ்டரும் ரெசிஸ்டரும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் உயிரை வாங்கும். அதனால்தான் ரெசிஸ்டரை மின்தடை என்றே எழுதிவிட்டேன்.)

1 முதல் 8 வரை எண்ணுள்ள அறைகள், எட்டு வரிசைகளுக்கு. 'ப' என்ற எழுத்தைக் காட்ட வேண்டும். கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள். முதல் ஏழு வரிசையிலும் இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி: 10000010. எட்டாவது அடிக்கோடு: 11111110. அந்த அடிக்கோட்டை அனுப்பும்போது பைப்பில் போகும் கோலிகள் இவை:

0000 1000 11111110

சும்மா நாலு, பிறகு எட்டாம் அறை என்பதற்கு 1000, பிறகு எரிய வேண்டிய விளக்குகள். இப்படி எட்டுச் செய்தி, மொத்தம் 128 கோலி. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்ற சாதாரண வேகத்தில் தள்ளினாலும், 128 மைக்ரோ நொடியில் 'ப' முடிந்துவிடும். சிப் அதைவிடப் பத்து மடங்கு வேகம்வரை தாங்கும்.

பைப் நிறைந்த பிறகும் கோலியைத் தள்ளிக்கொண்டே இருந்தால்? முதலில் போன கோலி மறுமுனையில் வெளியே விழும். அங்கே இன்னொரு பைப்பின் வாயை வைத்துவிட்டால் அதற்குள் போகும். நாலு மேட்ரிக்ஸை ஒட்டிய நீளப் பலகைகளிலும் மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து அதே மூன்று கம்பிதான் வருவது இதனால்தான். 64 கோலி தள்ளிவிட்டு ஒரே ஒரு தடவை லோடு. நாலு சிப்பும் தன் தன் பைப்பில் உள்ளதை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். மாட்யூலில் உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் தனித்தனி. மாற்றிச் செருகிவிட்டு அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மைக்ரோகண்ட்ரோலர் கோலி தள்ளி அறைகளை நிரப்புகிறது. சிப் அந்த அறைகளை நொடிக்கு 800 தடவை வரிசையாகப் பார்த்து விளக்கை எரிக்கிறது. நாம் முழு எழுத்தாகப் பார்க்கிறோம்.

எழுப்பினால்தான் எழும்

கரண்ட் கொடுத்ததும் ஒன்றும் எரியவில்லை என்று பயப்பட வேண்டாம். இந்தச் சிப் பிறக்கும்போதே தூக்கத்தில்தான் பிறக்கிறது. எட்டு அறைகளைத் தவிர அதனிடம் சில கட்டுப்பாட்டு அறைகள் உண்டு. 12-ஆம் அறையில் 1 வைத்தால் விழிக்கும். 11-ஆம் அறை எத்தனை வரிசை சுற்ற வேண்டும் என்பது. 7 என்று வைத்தால் எட்டும் சுற்றும், எண்ணிக்கை 0-விலிருந்து ஆரம்பிப்பதால். 10-ஆம் அறையில் வெளிச்சம், 16 படி. 15-ஆம் அறை சோதனைக்கானது, அதில் 1 விழுந்தால் 64-ம் எரிந்துகொண்டு நிற்கும், நீங்கள் அனுப்பும் எதுவும் தெரியாது. பலகை முழுக்கச் சிவப்பாக உறைந்துபோனால் நான் முதலில் சந்தேகிப்பது, ஏதோ மின் இரைச்சலில் இந்த அறைக்குள் 1 புகுந்துவிட்டது என்பதைத்தான். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் பலகைகளில் உப்புக்காற்று பட்டு கனெக்டர் பச்சை பூத்திருக்கும். துடைத்துச் செருகினாலே பாதி கோளாறு தீரும்.

9-ஆம் அறையில்தான் "சிப்புக்குள்ள எழுத்து இருக்கு" என்ற வதந்தியின் வேர் இருக்கிறது. மேக்ஸ்7219 உண்மையில் மேட்ரிக்ஸுக்காகப் பிறந்ததில்லை. கால்குலேட்டரில் பார்ப்பது போல ஏழு கோடுகளால் எண் காட்டும் பலகை எட்டை ஓட்டுவதற்காகப் பிறந்தது. ஏழு கோடும் ஒரு தசமப் புள்ளியும் சேர்ந்தால் எட்டு. எட்டு எண்ணுக்கு 64. அதே 64-ஐ மேட்ரிக்ஸுக்குத் திருப்பிவிட்டோம். அந்தப் பழைய வேலைக்காக 0 முதல் 9 வரையும் வேறு சில குறிகளும் எந்தக் கோடுகளால் ஆனவை என்று அதற்குத் தெரியும். 9-ஆம் அறை அந்த அறிவைத் திறக்கும் சாவி. மேட்ரிக்ஸுக்கு அதை 0 ஆக்கி மூடிவிட வேண்டும். மற்றபடி அதற்கு 'அ'வும் தெரியாது, 'ஏ'யும் தெரியாது. எழுத்தின் படங்கள் இருப்பது உங்கள் புரோகிராமில்.

ஒரு தடவை நான் பட்டது

நாலு மாட்யூல் பலகை ஒன்றை முதன்முதலாகச் செய்தபோது, சோதித்துப் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டேன். கரண்ட் லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து. பளிச்சென்று எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. சிப் கெட்டது என்று முடிவுகட்டி ரெண்டு மாட்யூலை மாற்றினேன். அதே கதை. மாட்யூல் விற்றவரைப் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டும் விட்டேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். எல்லாமே முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒரு சிப்புக்கு 330 மில்லியாம்பியர்வரை வேண்டும். நாலுக்கு 1,320. அந்த யுஎஸ்பி தரக்கூடியது 500. பலகை எரிந்ததும் மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோ மயங்கி விழும். பலகை அணைந்ததும் மூச்சு வந்து எழும். எழுந்ததும் மறுபடி எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லும். 5 வோல்ட், 2 ஆம்பியரில் தனி அடாப்டர் போட்டு, வெளிச்சத்தையும் நாலாம் படிக்கு இறக்கியதும் அடங்கியது. விற்றவருக்கு மறுபடி போன் செய்து தப்பு என்னுடையது என்று சொன்னது வேறு விஷயம். தனி அடாப்டர் போடுகிறவர்கள், அதன் மைனஸையும் ஆர்டுயினோவின் மைனஸையும் கட்டாயம் இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், கோலி தள்ளுவது ஒரு வீட்டில், குழாய் வேறு வீட்டில் என்ற கதைதான்.

3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி ரக போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 5 வோல்ட்டில் ஓடும் இந்தச் சிப், 3.5 வோல்ட் வந்தால்தான் 1 என்று உறுதியாக ஏற்கும். 3.3 கொடுத்தால் சில நாள் ஓடும், சில நாள் கிறுக்கும். நடுவே லெவல் ஷிஃப்டர் என்ற மின்னழுத்தம் மாற்றும் சின்ன அட்டை ஒன்று போட்டால் நிம்மதி.

எழுத்து ஓடுவதில்லை

"அப்ப ஓடுறது?" என்றான். எதுவும் ஓடவில்லை. மைக்ரோகண்ட்ரோலர் முதலில் ஒரு படம் அனுப்புகிறது. கொஞ்சம் பொறுத்து, அதையே ஒரு நெடுவரிசை இடப்பக்கம் தள்ளி, வலது ஓரத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, புதுப் படமாக அனுப்புகிறது. ஒவ்வொரு படத்துக்கும் 50 மில்லி நொடி பொறுத்தால் நொடிக்கு 20 நெடுவரிசை நகரும், நிதானமாகப் படிக்கலாம். சிப்புக்கு முந்தைய படம் நினைவில்லை, நகர்கிறது என்பதும் தெரியாது.

தமிழுக்கு எட்டு வரிசை போதுமா?

அவன் புராஜெக்ட்டின் உண்மையான தலைவலி இங்கேதான். ஆங்கிலப் பெரிய எழுத்தை ஐந்துக்கு ஏழு புள்ளியில் அடக்கிவிடலாம், அதற்கான படங்கள் ரெடிமேடாகவே கிடைக்கும். புரோகிராமில் "கடலூர்" என்று தமிழில் தட்டியவனுக்குப் பலகையில் வந்தது பூச்சி பூச்சியாக ஏதோ.

நாம் கண்ணால் பார்ப்பது க, ட, லூ, ர் என்று நாலு எழுத்து. கம்ப்யூட்டர் யூனிகோடு என்ற எழுத்துக் குறி முறையில் சேமிப்பது க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறிகள். வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (ஒரு பைட் என்பது எட்டுக் கோலி), ஆக 18 பைட். ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று எண்ணி எழுதப்பட்ட புரோகிராம் இதை 18 தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு, தன் பட்டியலில் கிடைத்ததையெல்லாம் காட்டுகிறது. கொம்பு இன்னும் மோசம். 'கெ' என்பதில் கொம்பு பார்வைக்கு முன்னால் நின்றாலும், சேமிப்பில் 'க'வுக்குப் பின்னால்தான் இருக்கும்.

சிப்புக்கு எழுத்தே தெரியாது என்பது இங்கே நமக்கு லாபம். எந்த மொழியானாலும் அதற்கு எட்டு எட்டு விளக்குதான். அதனால் ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு படமாக நாமே வரைந்து, அந்தப் படங்களை வரிசையாக அடுக்கச் சொன்னேன். 247 எழுத்தையும் எட்டுக்கு எட்டில் வரைந்தாலே 1,976 பைட். ஊனோவின் வேலை நினைவகமே 2,048 பைட்தான், மற்றதற்கு இடமிருக்காது. அப்படிப்பட்ட பட்டியலை புரோகிராம் இருக்கும் 32 கிலோபைட் நினைவகத்திலேயே வைக்க வேண்டும். ஒரு ஊர்ப் பெயருக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்து உயரம். 'ப', 'ட', 'ம' சாதுக்கள், எங்கும் உட்காரும். 'ர்' என்றால் புள்ளிக்கு ஒரு வரிசை, இடைவெளிக்கு ஒரு வரிசை, மிஞ்சுவது ஆறு. 'ரி'யின் கொக்கி மேலே போகும், 'பு'வின் கால் கீழே இறங்கும். "புதுச்சேரி" என்று எழுதினால் மேலும் கீழும் இடம் விட்டு நடு எழுத்துக்கு ஐந்து வரிசைதான் தேறும். 'ஞ', 'ணை'யை ஐந்து வரிசையில் வரைந்தால், வரைந்தவனுக்கு மட்டும்தான் புரியும். தமிழுக்குப் பதினாறு வரிசைப் பலகைதான் சரி என்பது என் கட்சி. ஆனால் அவனிடம் இருந்தது எட்டு.

ராத்திரி கணக்கு நோட்டில் கட்டம் போட்டு உட்கார்ந்தான். 'க' எட்டு நெடுவரிசை, 'ட' ஏழு, 'ர்' ஆறு. 'லூ'வை மூன்று தடவை அழித்துப் போட்டான். சுழியைச் சுருக்கினால் 'லு' மாதிரி ஆகிவிடுகிறது, விரித்தால் நீண்டுவிடுகிறது. கடைசியில் பதின்மூன்றில் ஒப்புக்கொண்டான். நடுவே மூன்று இடைவெளி சேர்த்துக் கூட்டினால் 37. நாலு மாட்யூலில் இருப்பது 32.

"ஓட விட்டுடலாமே" என்றேன்.

"ஓடக் கூடாது மாமா, ஊர்ப் பேரு நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, நாலாவது மாட்யூலின் வெளிப்பக்கத்தில் ஐந்து கால் கனெக்டர் ஒன்றைப் பற்றவைக்க ஆரம்பித்தான், ஐந்தாவது மாட்யூலுக்காக.